முப்பிடாதி டிரெய்லரின் கொக்கி

கோவில்பட்டிப் பக்கம் கட்டடம் கட்டுதவங்க, பட்டறை வச்சிருக்கவங்க எல்லாருக்கும் ஜெயஷீலாவைத் தெரியும். பேரைச் சொன்னா முழிப்பாங்க. "கம்பி ஒடிக்குத அக்கா"ன்னு சொல்லிப் பாருங்க, "அவியளா, காலேஜ் லேப்ல இருக்காவளே"ன்னு உடனே வழி காட்டுவாங்க. ஊருக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் காலேஜ். அதுல இரும்பு, சிமெண்டுன்னு பொருள்களைச் சோதிக்கிற லேபைப் பாத்துக்கிடுதது அவ வேலை. கம்பியை மிஷின்ல மாட்டி அறுந்து போற வரைக்கும் இழுக்கணும். சிமெண்டுக் கட்டியை நொறுங்குற வரைக்கும் நசுக்கணும். இரும்பை அறுத்து, தேச்சு, மைக்ராஸ்கோப்ல வச்சு உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும். அவ அம்மா இஞ்ஞாசியம்மாள் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்தவ. "ஊர் உலகத்துல பொருளை உருவாக்கச் சம்பளம் கொடுப்பான். என் மவளுக்கு ஒடிச்சுப் போடச் சம்பளம் கொடுக்கான்"னு சாகுத வரைக்கும் அந்தக் கேலியை விடலை.

கல்யாணமே அந்த மிஷினாலதான் நடந்துச்சு. பட்டறை வச்சிருந்த எட்வர்ட் அப்பம் வெல்டிங் சர்டிபிகேட்டுக்காக ரெண்டு இரும்புப் பட்டையைப் பத்தவச்சுக் கொண்டுவந்தாரு. பத்தவச்ச இடத்துல வளைச்சா வளையணும், ஒடியக் கூடாது. ஜெயா வளைச்சா. டப்புனு ஒடிஞ்சுபோச்சு. "ஒடிஞ்சிருச்சு, நீங்க போகலாம்"னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா. மனுசனுக்கு ரோசம் வந்துட்டு. மறுவாரம் இன்னொண்ணு கொண்டுவந்தாரு. அதுவும் ஒடிஞ்சுச்சு. ஏன் ஒடியுதுன்னு கேட்டாரு. அறுத்துப் பாத்து, "சூடு சட்டுன்னு ஆறிப் போகுது. அதான் வெரைப்பாயிருது, வளைய மாட்டேங்குது"ன்னு சொன்னா. அதுக்கப்புறம் எட்வர்ட் பத்தவைக்க முந்தி இரும்பை நல்லாச் சூடாக்குவாரு. பத்தவச்ச பிறகு ஒரு தகரப் பெட்டி நிறைய சாம்பல் வச்சு அதுக்குள்ள புதைச்சு மெதுவா ஆறவிடுவாரு. அடுத்த தடவை கொண்டுவந்த பட்டை வில்லு மாதிரி வளைஞ்சு நின்னுச்சு. ஜெயா சிரிச்சுட்டா. மாதா கோவில்ல கல்யாண ஓலை வாசிக்க அதுக்கு மேல வேற என்ன வேணும்!

ஒரு பழக்கம் அவகிட்ட உண்டு. மிஷின் சொல்லுததுக்கு முந்தி அவ வாயைத் திறக்க மாட்டா. "ஒரு குத்துமதிப்பா சொல்லுங்க மேடம்"னு காண்ட்ராக்டர்மாரு கெஞ்சுவாங்க. "குத்துமதிப்புக்கு மிஷின் எதுக்கு? உங்க கண்ணே போதுமே"ன்னு திருப்பிக் கொடுப்பா. இரும்பு விஷயத்துல அவ்வளவு நிதானம். மனுசங்க விஷயத்துல அந்த நிதானம் இருந்துச்சான்னு கேட்டா, அதுக்குத்தான் இந்தக் கதை.

போன பங்குனியில ஒரு நாள் காலையில விஜின்னு ஒரு பொம்பளை மஞ்சப்பையோட லேப் வாசல்ல வந்து நின்னா. பசுவந்தனை பக்கத்துல ஒரு கிராமம். அவ புருசன் முப்பிடாதி சொந்தமா டிராக்டர் ஓட்டுதவன். மிளகாய் பறிப்புக்குப் பொம்பளையாட்களை டிரெய்லர்ல ஏத்திக் கொண்டுபோய் விடுவான், சாயங்காலம் மூட்டையோட கூட்டிட்டு வருவான். அப்படி வரும்போது ஓடைக் கரையில ஏறுத இடத்துல, டிராக்டரையும் டிரெய்லரையும் பிடிச்சு நிக்குத கொக்கி ஒடிஞ்சு, டிரெய்லர் பின்னால உருண்டு கவுந்துட்டு. நிறைய பேருக்கு அடி. உமாதேவிங்கிற பொம்பளைக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழ நசுங்கிப் போய், ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. கேஸ் கீஸ் வேண்டாம்னு ஊர்ல பேசி வச்சிருந்தாங்க. ஆனா பேச்சு நிக்கலை. மேட்டுல கண்ணு மண்ணு தெரியாம விரட்டினான், வெட்டி இழுத்ததுல கொக்கி ஒடிஞ்சுட்டுன்னு ஊரே சொல்லுது.

"அவரு ஒண்ணுமே பேச மாட்டேங்காரு அக்கா" விஜி சொன்னா. "விரட்டினியான்னு கேட்டாலும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்காரு. டிராக்டர் பக்கமே போக மாட்டேங்காரு. என் புருசன் விரட்டுத ஆளு கிடையாது. நான் எத்தனை தடவை கூடப் போயிருக்கேன். இந்த இரும்பைப் பாத்து உண்மையைச் சொல்லுங்க. விரட்டினதுல ஒடிஞ்சுதுன்னாலும் சொல்லுங்க, தாங்கிக்கிடுதேன்."

பையைத் திறந்தா. கொக்கி ரெண்டு துண்டா, பூசைச் சாமான் மாதிரி பளபளன்னு இருந்துச்சு. ஜெயாவுக்குப் பகீர்னுட்டு.

"இதை என்னம்மா செஞ்ச?"

"புளி போட்டு வெளக்கினேன் அக்கா. ஒரு பொம்பளை காலை எடுத்த இரும்பு. அதுல மண்ணும் ரத்தமுமா இருந்துச்சு. அப்படியே உங்க இடத்துக்குக் கொண்டுவரலாமா?"

ஜெயா தலையில கை வச்சுக்கிட்டா. ஒடிஞ்ச முகத்தைக் கழுவக் கூடாது, தேய்க்கக் கூடாது, ரெண்டு துண்டையும் ஒட்டவச்சுக் கூடப் பாக்கக் கூடாது. பழைய விரிசலா, புது விரிசலா, ஒரே இழுப்புல போச்சான்னு அந்த முகத்துலதான் தெரியும். துரு எவ்வளவு தூரம் ஏறியிருக்குன்னு பாத்தாலே பாதி கதை வந்துரும். இவ என்னடான்னா பித்தளைக் குடத்தைத் தேய்க்குத மாதிரி புளியும் செங்கல் பொடியும் போட்டு எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டா. திட்டலாம்னு வாய் வந்துச்சு. அவ முகத்தைப் பாத்துட்டு அடக்கிக்கிட்டா. மரியாதைக்குச் செஞ்சதை என்னன்னு திட்டுதது?

"சரி, வெளிய பாக்க முடியாது. அறுத்து உள்ள பாப்போம்"னா. அப்புறம் ஒடிஞ்ச இடத்துப் பக்கத்துல தடவிப் பாத்தா. பத்தவச்ச தழும்பு. அந்த நெளிவு, அந்த வரிசை, அவளுக்குத் தெரியாததா?

"இதை எங்க பத்தவச்சீங்க?"

"உங்க வீட்டுக்காரர் பட்டறையிலதான் அக்கா. ஒடியுததுக்கு ரெண்டு மூணு நாளைக்கு முந்தி. அது தெரிஞ்சுதான் வந்தேன். அவிய புருசனா இருந்தாலும் மறைக்க மாட்டாவன்னு கயத்தாறு லாரிப் பட்டறையில ஒருத்தர் சொன்னாரு."

மறைக்க மாட்டாவன்னு சொன்ன அந்தப் புண்ணியவான் நல்லாயிருக்கட்டும். ஆனா அன்னைக்கு ஜெயாவுக்கு அது பாராட்டாத் தெரியலை.

வீட்டுக்குப் போய் எட்வர்ட்கிட்ட கேட்டா. சாப்பிட்டுக்கிட்டு இருந்த மனுசன் கையை உதறிட்டு எந்திரிச்சுட்டாரு. "உச்சி வெயில்ல வந்தாவ. கொக்கியில ஓரத்துல விரிசல். டிரெய்லர் நிறைய பொம்பளையாளு, வெயில்ல காஞ்சுக்கிட்டு. நல்லாச் சூடாக்கித்தான் பத்தவச்சேன். சாம்பல்ல புதைச்சுட்டு, 'நான் சாப்பிட்டு வரும் மட்டும் எடுக்காதீங்க'ன்னு முப்பிடாதிகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வந்து பாத்தா வண்டியைக் காணோம். சாம்பல் கலைஞ்சு கெடக்கு. பக்கத்துல தரை சதசதன்னு ஈரமா கெடந்துச்சு. அப்பவே திக்குனுச்சு எனக்கு."

"தண்ணி ஊத்தி ஆறவச்சுட்டானா?"

"வேற எப்படி எடுத்துருக்க முடியும்? செவசெவன்னு இருந்துச்சே அது."

"அன்னைக்கே ஏன் போய்ச் சொல்லலை?"

எட்வர்ட் செம்புத் தண்ணியில கையைக் கழுவினாரு. "தாங்கிரும்னு நெனச்சேன்"னாரு.

இது நடந்ததுதான்னு ஜெயாவுக்கு நம்பிக்கை. ஆனா யாரு நம்புவா? பத்தவச்சவன் புருசன், சோதிக்கிறவ பொண்டாட்டி. தண்ணி மேல பழியைப் போட்டு வீட்டைக் காப்பாத்திட்டான்னு சொல்ல மாட்டாங்களா? அதுக்கும் மேல உள்ளுக்குள்ள ஒரு பயம். ஒருவேளை எட்வர்ட் வேலையிலயே குறை இருந்தா? சாம்பல் பெட்டி வித்தை இத்தனை வருசமா வெறும் ஆறுதலுக்குத்தான் இருந்துச்சுன்னா? ஊர்ல ஓடுத எத்தனை டிரெய்லர்ல அவரு பத்தவச்ச கொக்கி இருக்கு!

மறுநாள் துறைத் தலைவர் முத்துகிருஷ்ணன் சார்கிட்ட நடந்ததை அப்படியே சொல்லி, "நான் இதைத் தொடக் கூடாது சார், வேற லேபுக்கு அனுப்பிருவோம்"னா. அவரு பெரிய படிப்பாளி, அதை வெளியில காட்டாத ஆளு. யோசிச்சுட்டுச் சொன்னாரு: "அனுப்பலாம். ஆனா தண்ணியா, வெல்டிங்காங்கிற கேள்வி அங்கயும் அப்படியேதான் நிக்கும். அந்தக் கொக்கித் தண்டுல மிச்ச இரும்பு இருக்குல்ல? அதுலயே எட்வர்டை என் கண்ணு முன்னாடி ரெண்டு தடவை பத்தவைக்கச் சொல்லுங்க. ஒண்ணைச் சாம்பல்ல வைப்போம். ஒண்ணுல தண்ணி ஊத்துவோம். மூணாவது அந்த ஒடிஞ்ச துண்டு. மூணையும் நான் அறுத்து, பில்லைக்குள்ள பதிச்சு, அடியில அடையாளம் போட்டுத் தாரேன். எது எதுன்னு உங்களுக்குத் தெரியாது. பாத்து எழுதிக் கொடுங்க. அப்புறம் திருப்பிப் பாப்போம்."

ஜெயாவுக்குப் பாரம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. நல்ல மூளை வேணுங்கிற இடத்துல நல்ல மூளை இருந்தா எவ்வளவு நிம்மதி! எட்வர்ட் மறுபேச்சுப் பேசலை. காலேஜ் பட்டறைக்கே வந்து, அதே வெல்டிங் குச்சியை வச்சு, பரீட்சை எழுதுத பிள்ளை மாதிரி முகத்தை வச்சுக்கிட்டுப் பத்தவச்சுக் கொடுத்துட்டுப் போனாரு.

மூணு பில்லை. கருப்பு வட்டம், நடுவுல கட்டைவிரல் நகம் அளவுக்கு இரும்பு. ஜெயா தேய்க்க உக்காந்தா. சொரசொரப்புத் தாளுல ஆரம்பிச்சு நைசுத் தாளுக்கு வரணும். ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாத்தித் தேய்க்கணும், முந்தின கோடு மறையுத வரைக்கும். கடைசியில சுத்துத துணிச்சக்கரத்துல வெள்ளைப் பொடித் தண்ணி விட்டுத் தேச்சா கண்ணாடி மாதிரி ஆகும். உங்க மூக்கு முடியே தெரியும். ஆனா அந்தப் பளபளப்புல ஒண்ணும் தெரியாது, வெறும் வெள்ளை. ஒரு சொட்டு ஆசிட் கலந்த ஸ்பிரிட்டைத் தடவி, மங்குத நேரம் பாத்துக் கழுவணும். அப்பந்தான் இரும்பு தன் முகத்தைக் காட்டும். விஜி புளியால செஞ்சதும் இதே வேலைதான்னு ஜெயாவுக்குத் தோணுச்சு. அளவு தெரியாம செஞ்சா அழிக்கும், அளவு தெரிஞ்சு செஞ்சா காட்டும்.

கணக்கு லேசுதான். இரும்பு மெதுவா ஆறியிருந்தா உள்ள வெள்ளையும் கருப்புமா, காஞ்ச கரிசக் காட்டுல பாளம் பாளமா இருக்குமே, அப்படி இருக்கும். அது வளைஞ்சு கொடுக்குத இரும்பு. சட்டுன்னு ஆறியிருந்தா ஊசி ஊசியா, உடைமுள்ளை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். அது வெரைச்ச இரும்பு. வளையாது, வெடிக்கும். மூணு பில்லையிலயும் ஊசி இருந்தா எட்வர்ட் தப்பு. ஏன்னா சாம்பல்ல வச்சதும் வெரைச்சுட்டுன்னு அர்த்தம். ரெண்டுல மட்டும் இருந்தா தண்ணி ஊத்தினது தப்பு. ஒண்ணுல மட்டும் இருந்து, கொக்கியில இல்லைன்னா, இரும்பு மேல குறையில்லை, முப்பிடாதி விரட்டினதுதான்.

முதல் பில்லையை வச்சா. ஊசி. தழும்புக்குப் பக்கத்துல தலைமயிர் மாதிரி ஒரு விரிசல். ரெண்டாவது. ஊசி. அதுலயும் விரிசல், உள்ள துரு ஏறிக் கருத்துப் போயிருந்துச்சு. மூணாவதைக் கையில எடுத்தா. மாதாவேன்னு கும்பிட்டுட்டுக் கண்ணை வச்சா.

வெள்ளையும் கருப்பும். பாளம் பாளமா. ஒரு ஊசி கிடையாது.

ஆனாலும் விடலை. வைரமுனையை அழுத்தி அழுத்திக் கெட்டித்தனம் பாக்குத மிஷின்ல மூணையும் வச்சா. முதல் ரெண்டுலயும் முனை லேசாத்தான் பதிஞ்சுது. மூணாவதுல நல்லா இறங்குச்சு. எழுதிக் கொடுத்தா. முத்துகிருஷ்ணன் சார் பில்லைகளைத் திருப்பினாரு. முதல் பில்லை தண்ணி ஊத்தினது. துரு ஏறின ரெண்டாவது ஒடிஞ்ச கொக்கி. மூணாவது சாம்பல்.

ஜெயா வாய்விட்டுச் சிரிச்சுட்டா. அப்புறம் வெக்கப்பட்டா. ஒரு பொம்பளை கால் போயிருக்கு, நமக்கென்ன சிரிப்புன்னு. ஆனா அந்தச் சந்தோசத்தை எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது? புருசன் தப்பிச்சுட்டாரு. அது சந்தோசம்தானே.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ரெண்டு பேரும் பைக்ல முப்பிடாதி வீட்டுக்குப் போனாங்க. டிராக்டர் வேப்பமரத்தடியில தார்ப்பாயைப் போத்திக்கிட்டு நின்னுச்சு. அவன் முத்தத்துல உக்காந்து கிழிஞ்ச சாக்கைத் தைச்சுக்கிட்டு இருந்தான். முப்பத்தஞ்சு வயசுக்காரன், ஆளு பாதியாப் போயிருந்தான். ஜெயா நடந்ததைச் சொன்னா. விரட்டினதுல ஒடியலை, கொக்கிக்குள்ள முந்தியே விரிசல் இருந்துருக்குன்னதும் விஜி சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு அழுதா.

"ஆனா விரிசல் ஏன் வந்துச்சுன்னா, சுடச்சுட இருந்த கொக்கியில தண்ணி ஊத்தியிருக்கு. யாரு ஊத்தினா?"

முப்பிடாதி ஊசியை நிறுத்தினான். அவளைப் பாக்கலை. "நான்தான்"னான்.

"நீயா?"

"ஆமா. நான்தான் ஊத்தினேன். நேரமாச்சேன்னு."

எட்வர்ட், "எடுக்காதன்னு சொன்னேனேய்யா" என்றாரு, கோவமில்லாம.

"சொன்னீங்க அண்ணாச்சி."

எட்வர்ட் அத்தோட விட்டுட்டாரு. ஜெயாவால முடியலை. இத்தனை நாளு தன் வீட்டு மேல விழ இருந்த பழி, இவன் ஒரு குடம் தண்ணி ஊத்தினதால. "உன் அவசரத்துக்கு ஒரு பொம்பளை காலு போயிருக்குல்லா? சொன்ன பேச்சைக் கேட்டா என்ன கொறைஞ்சா போயிருவ? இதுல ஊமை மாதிரி உக்காந்துருந்தா ஆச்சா?"ன்னு ஆரம்பிச்சு, வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னா. தெரு கேட்டுச்சு. தெரு கேட்டா ஊர் கேட்ட மாதிரிதான். விரட்டினான்ங்கிற பேச்சு அன்னைக்கோட போச்சு. 'தண்ணி ஊத்திக் கொக்கியைக் கெடுத்தான்'ங்கிற பேச்சு அது இடத்துல வந்து உக்காந்துக்கிட்டு. விஜி அழுகையும் அப்படியே நின்னுபோச்சு. வந்தது ஒண்ணு, கிடைச்சது ஒண்ணு.

அறிக்கையில யாரு பேரும் வராது. 'பற்றவைத்த பிறகு தண்ணீரால் வேகமாகக் குளிர்ந்ததால் உலோகம் கடினமாகி விரிசல் கண்டது'ன்னு எழுதிக் கொடுத்தா, சார் கையெழுத்துப் போட்டாரு. வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சா.

அடுத்த வாரம், லேப் வாசல்ல ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு. அக்குள்ல கட்டையை ஊனிக்கிட்டு ஒரு பொம்பளை இறங்கினா. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒரு பக்கம் சேலை கீழ வரைக்கும் தொங்குச்சு, உள்ள காலு இல்லை. சொல்லாமலே ஜெயாவுக்குத் தெரிஞ்சுபோச்சு, இது உமாதேவின்னு. நாக்காலி எடுத்துப் போட்டா.

"நீங்கதான் இரும்பைப் பாத்து ஆளைக் கண்டுபிடிச்ச அக்காவா?" உமாதேவி கேட்டா.

"ஆளைக் கண்டுபிடிக்கலை. தண்ணியைக் கண்டுபிடிச்சேன்."

"அப்பம் ஆளைச் சொன்னது யாரு?"

"அவனேதான் சொன்னான்."

உமாதேவி கட்டையைச் சுவர்ல சாத்தி வச்சா. "பொய் சொல்லுதான் அக்கா. ஊத்தினது நான்."

ஜெயா அவளுக்கு எதிர்ல உக்காந்தா.

"அவன் வேண்டாம்க்கா, வேண்டாம்க்கா, அண்ணாச்சி திட்டுவாருன்னுதான் சொன்னான். நான்தான் கம்பியால கொக்கியை வெளிய இழுத்துப் போட்டு, குடிக்க வச்சிருந்த தண்ணியைக் கேனோட கவுத்தேன். அவசரம் மட்டும் இல்லக்கா. எங்க ஊரு கொல்லம்பட்டறையில அருவாளைச் செவக்கக் காய்ச்சித் தண்ணிக்குள்ள முக்குவாரு. முக்கினாத்தான் உறுதின்னு பிறந்ததுல இருந்து பாத்துருக்கேன். 'சாம்பல்ல வச்சா என்னல உறுதி வரும், இப்பம் பாரு'ன்னு சொல்லிக்கிட்டே ஊத்தினேன். எல்லாரும் சிரிச்சோம்." தொங்குத சேலையை இழுத்து மடியில போட்டா. "அருவாளுக்குச் சரியா இருக்கிறது கொக்கிக்கு எப்படிக்கா தப்பாப் போகும்?"

இந்தக் கேள்வியை ஜெயாகிட்ட எத்தனையோ பிள்ளைங்க பரீட்சைக்காகக் கேட்டிருக்காங்க. அன்னைக்குத்தான் ஒருத்தி காலைக் கொடுத்துட்டு வந்து கேட்டா. "அருவா வெட்டணும், அதுக்கு வெரைப்பு வேணும். கொக்கி இழுவை தாங்கணும், அதுக்கு வளைஞ்சு கொடுக்கணும். அருவாளையும் முக்கின பிறகு திரும்ப அனல்ல லேசாக் காட்டுவாரே, பாத்திருக்கீங்களா? அந்த வெரைப்பைக் கொஞ்சம் குறைக்கத்தான்."

"காட்டுவாரு" என்றா உமாதேவி மெதுவா. "எதுக்குன்னு நான் கேட்டதில்லை."

மைக்ராஸ்கோப் பக்கத்துல நாக்காலியை இழுத்துப் போட்டு ஜெயா கொக்கிப் பில்லை, சாம்பல் பில்லை ரெண்டையும் காட்டினா. உமாதேவி ரொம்ப நேரம் கண்ணை எடுக்கலை. அந்த விரிசலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாளா, இல்லை கண்ணைத் துடைக்க முகத்தை மறைச்சுக்கிட்டாளான்னு தெரியலை. நிமிந்து, "அவன் வீட்டுக்குப் போகணும். கூட வாரீங்களாக்கா? தனியாப் போக எனக்குத் தைரியம் இல்லை"ன்னா.

ஜெயாவுக்கும் போக வேண்டியது இருந்துச்சு. ஒரு துண்டு இரும்பு என்ன சொல்லுதுன்னு கேக்க அறுத்து, தேச்சு, அடையாளத்தை மறைச்சு, ரெண்டு மிஷின்ல வச்சுப் பாத்தவ. ஒரு மனுசன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு 'நான்தான்'னு சொன்னதும், அப்படியா, சரின்னு எடுத்துக்கிட்டு நடுத்தெருவுல நின்னு அவனைக் கிழிச்சுட்டு வந்துட்டா. குத்துமதிப்பா. அவளுக்கு அவ மேலயே ஆத்திரம் வந்துச்சு. முத்துகிருஷ்ணன் சார்கிட்ட சொல்லிட்டு ஆட்டோவுல ஏறினா.

ரெண்டு பக்கமும் மிளகாய்க் காடு பறிச்சு முடிஞ்சு வெறிச்சுன்னு கிடந்துச்சு. ஊருக்குள்ள நுழைஞ்சதும், "ஹாரனை அடிங்க தம்பி, நாலு பேரு வரட்டும்"னு ஆட்டோக்காரன்கிட்ட சொன்னா. முப்பிடாதி வீட்டு வாசல்ல வண்டி நின்னுச்சு. நாலு பேரு இல்லை, தெருவே வந்துட்டு. முப்பிடாதியும் விஜியும் வாசலுக்கு வந்தாங்க. அவன் உமாதேவியைப் பாத்தான், பக்கத்துல ஜெயாவைப் பாத்தான். முகம் வெளுத்துப் போச்சு.

"ஏலே முப்பிடாதி" ஆட்டோவுக்குள்ள உக்காந்தபடியே உமாதேவி சத்தமா சொன்னா. "தண்ணி ஊத்தினது யாருல?"

"நான்தான்க்கா."

"பொய் சொல்லாத. எல்லாரும் கேட்டுக்கிடுங்க, ஊத்தினது நான். இவன் வேண்டாம்னு சொன்னான். அன்னைக்கு டிரெய்லர்ல இருந்தவளுக எல்லாரும் பாத்தவளுகதான். என் காலைப் பாத்துட்டு ஒருத்தியும் வாயைத் திறக்கலை."

கூட்டத்துல ரெண்டு மூணு பொம்பளையாளு தரையைப் பாத்துக்கிட்டாங்க. விஜி புருசனையே பாத்துக்கிட்டு நின்னா. முப்பிடாதி ஜெயாகிட்டத்தான் கேட்டான்: "தண்ணி விஷயத்தை ஏன்க்கா இவியளுக்குச் சொன்னீங்க? கால் போனது போதாதா?"

"அவிய சொல்லலைல, நானாத்தான் போனேன்" உமாதேவி சொன்னா. "ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு, உன் வீட்டைப் பாத்து மண்ணை வாரித் தூத்தினேனே. நீ விளங்க மாட்ட, உன் பிள்ளைக விளங்காதுன்னு சொன்னேனே. அன்னைக்கு ஒருநாள் மட்டுமா? தெனமும் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுல நீ இருந்தல்லா? கேட்டுக்கிட்டுத்தான இருந்த? அப்பமாவது, நீதானக்கா ஊத்தினன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

முப்பிடாதி தோள்ல கெடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சான்.

"சொல்லணும்னுதான் ஒருநாள் வந்தேன். வாசல் வரைக்கும் வந்தேன். அப்பமும் நீங்க என்னையத்தான் வைஞ்சுக்கிட்டு இருந்தீங்க. திரும்பிட்டேன்" என்றான். "உங்களுக்கு வையுததுக்காவது ஒரு ஆளு வேணும்லாக்கா. நான் உண்மையைச் சொல்லிட்டா, நீங்க யாரை வைவீங்க?"

ஜெயா வெளிய பாத்த மாதிரி திரும்பிக்கிட்டா, கண்ணு நிறைஞ்சு வந்துட்டு. உமாதேவி கட்டையைக் கையில எடுத்தா, கீழ வச்சா, திரும்ப எடுத்தா. அப்புறம் அதை ஆட்டோவுக்குள்ளயே போட்டுட்டுக் கையை வெளிய நீட்டினா.

"பிடில. இறங்கணும்."

அவன் வந்து பிடிச்சான்.